கணக்கு எழுதும் தொழில்: வாடிக்கையாளர் திருப்தி, பரிந்துரை மட்டும் வரவில்லை

திருப்பூரில் சிறு நிறுவனங்களுக்கு டேலி என்ற கணக்கு மென்பொருளில் கணக்கு எழுதி, ஜிஎஸ்டி ரிட்டர்ன் தாக்கல் செய்து கொடுக்கிறேன். பெரும்பாலும் நிட்டிங் (துணி பின்னுதல்), பவர் டேபிள் (தையல்) ஜாப் ஒர்க் யூனிட்கள், அதாவது மற்றவர்களுக்குக் கூலிக்குச் செய்து கொடுப்பவர்கள். மாதக் கட்டணம். புது வேலை எல்லாம் ஒரே ஆடிட்டர் அனுப்பியதுதான். போன ஏப்ரலில் அவர் தன் அலுவலகத்திலேயே ஆள் போட்டுவிட்டார். அதிலிருந்து புதிதாக யாருமே வரவில்லை.

இருப்பவர்கள் யாரும் விலகவில்லை. 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவரம்), 20ஆம் தேதி 3பி (வரி கட்டும் ரிட்டர்ன்), எதுவும் தவறியதில்லை. ஆனால் பக்கத்து யூனிட்டில் சொல்லுங்கள் என்றால் பேச்சை மாற்றுகிறார்கள். ஒருவர் மட்டும் உடைத்துச் சொன்னார்: "என் ரேட்டு, என் பார்ட்டி எல்லாம் உங்களுக்குத் தெரியும். பக்கத்துக்காரருக்கும் நீங்களே எழுதினா எப்படிங்க?" நியாயமான பயம்தான்.

ஆள் கொண்டுவந்தால் ஒரு மாதக் கட்டணம் தள்ளுபடி என்றேன், யாரும் கண்டுகொள்ளவில்லை. (சொன்னதே கொஞ்சம் மலிவாகத் தெரிந்ததோ என்னவோ.) 14ஆம் தேதி 2பி (சப்ளையர்கள் ஏற்றிய பில்களின் விவரம்) வந்ததும், பில் ஏற்றாத சப்ளையர்களின் பட்டியலை வாட்ஸ்அப்பில் அனுப்ப ஆரம்பித்தேன். உள்ளீட்டு வரி (வாங்கும்போது கட்டியதில் கழித்துக்கொள்ளும் வரி) கைவிட்டுப் போகாததில் அவர்களுக்குச் சந்தோஷம், அத்தோடு சரி. விவரம் வெளியே போகாது என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாயிற்று. விளம்பரத்தைப் பார்த்து வந்தவர்கள் கட்டணத்தை மட்டும் கேட்டுவிட்டுப் போனார்கள்.

ஒரே ஊரில், ஒரே தொழிலில் பல வாடிக்கையாளர்களை வைத்திருப்பவர்களே, இந்தப் பயத்தைப் போக்கிப் பரிந்துரை வாங்க நீங்கள் என்ன செய்தீர்கள்?