ஹேமர் டிரில், ரோட்டரி ஹேமர்: இரண்டுக்கும் தனித்தனிச் சொற்கள் வேண்டும்

மதிப்பிற்குரிய குழுவினர்க்கு வணக்கம்.

காங்கிரீட்டில் துளையிடும் கருவிக்குத் தமிழ்க் கலைச்சொல்லாகச் 'சுத்தியல் துளைப்பான்' என்பதையே முடிவுசெய்துவிடலாம் என்று இவ்விழையில் பலரும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஹேமர் டிரில், ரோட்டரி ஹேமர் என்பவை இருவேறு பொறிகள். இரண்டின் பெயரிலும் 'ஹேமர்' வருகிறது என்பதற்காக ஒரே சொல்லில் அடைத்துவிட்டால், தண்டையார்பேட்டையில் வீட்டுச் சுவரில் அலமாரி மாட்டுவதற்காகக் கருவியை வாடகைக்கு எடுக்கச் செல்பவர், கடையில் எதைக் கேட்பது என்று அறியாமல் நிற்பார்.

காங்கிரீட்டில் என்ன நடக்கிறது என்பதிலிருந்து சொல் பிறக்க வேண்டும். மரத்தையும் இரும்பையும் துளைக்கும்போது அலகின் (டிரில் பிட்) விளிம்பு பொருளைச் சீவி எடுக்கிறது. காங்கிரீட்டில் உள்ள கருங்கல் ஜல்லியை அவ்வாறு சீவ முடியாது. அலகின் மிகக் கடினமான டங்ஸ்டன் கார்பைடு முனை ஒவ்வோர் அடியிலும் அதை நொறுக்குகிறது. சுழற்சியோ முனையை அடுத்த இடத்துக்குத் திருப்பி, நொறுங்கிய தூளை அலகின் புரி வழியாக வெளியேற்றுகிறது. ஆகவே அடியே முதன்மை, சுழற்சி துணை. உள்ளிருக்கும் கம்பியில் பட்டவுடன் அதே அலகு முன்னேறாமல் நின்றுவிடுவதற்குக் காரணமும் இதுதான். எஃகு காங்கிரீட்டைப் போல நொறுங்குவதில்லை. (அந்நிலையில் மேலும் அழுத்தாமல் துளையின் இடத்தை மாற்றுவதே முறை. கடற்காற்று படும் காசிமேடு, திருவொற்றியூர்ப் பகுதிகளில் கம்பியை மூடியிருக்கும் காங்கிரீட்டைத் தேவையின்றிக் குலைத்தால் கம்பி விரைவில் துருப்பிடிக்கும்.)

'துறப்பணம்' என்னும் பழஞ்சொல்லை மீட்கலாம் என்ற கருத்தை நான் மதிக்கிறேன். தச்சர் கையில் வாழ்ந்த அருமையான சொல் அது. ஆனால் அது சுழன்று மரத்தைக் குடையும் கருவி. அதில் அடி இல்லை. சாதாரண டிரில்லுக்கு அதை வைத்துக்கொள்ளலாம்.

இனி இரு பொறிகளையும் பிரித்துப் பார்ப்போம். ஹேமர் டிரில்லில் பல் வெட்டிய இரு வட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று உரசி ஏறி இறங்குகின்றன. நிமிடத்துக்கு 40,000 அடிகளுக்கு மேலும் விழும். ஆனால் ஒவ்வோர் அடியும் மெல்லியது, அதன் வலிமையும் பிடித்திருப்பவர் எவ்வளவு அழுத்துகிறார் என்பதைப் பொறுத்தது. ரோட்டரி ஹேமரில் உந்துதண்டு காற்றை அழுத்த, அக்காற்று ஓர் இரும்புத் துண்டை அலகின் பின்புறம் மோதச் செய்கிறது. நிமிடத்துக்கு ஏறத்தாழ 4,000 முதல் 5,000 அடிகளே. எனினும் ஒவ்வொன்றும் கனமானது, பிடித்திருப்பவர் தம் எடையைச் சாய்க்க வேண்டியதில்லை. ரோட்டரி ஹேமரில் பொருத்தும் எஸ்.டி.எஸ். பிளஸ் வகை அலகின் 10 மி.மீ. தண்டில் காடிகள் இருப்பது, அலகு பிடிப்பானுக்குள் முன்னும் பின்னும் அசைவதற்காகவே.

எனவே முன்னதற்குத் 'தட்டுதுளைப்பான்', பின்னதற்கு 'இடிதுளைப்பான்' என்று முன்மொழிகிறேன். தட்டுவதற்கும் இடிப்பதற்கும் உள்ள வலிமை வேறுபாட்டை நம் வீடுகளில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இரண்டும் வினைத்தொகை, ஆதலால் 'தட்டுத்துளைப்பான்' என ஒற்று மிகுத்து எழுதக் கூடாது, எழுதினால் தட்டைத் துளைக்கும் கருவி என்று பொருள் மாறிவிடும்.

'இடி' என்றதும் சுவரையே தகர்க்கும் கருவி என எண்ணிவிடுவார்களே என்று சிலர் கேட்கக்கூடும். பின்னால் 'துளை' நிற்பதால் அந்த ஐயம் எழாது; தகர்க்கும் கருவிக்கு 'இடிப்பான்' என்று தனிச்சொல் வைக்கலாம். உண்மையில் அந்த எச்சரிக்கை ஓரளவு தேவையும்கூட. பழைய வண்ணாரப்பேட்டையிலும் இராயபுரத்திலும் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையுமாக நிற்கும் பழைய வீடுகளில் இடிதுளைப்பானை வைத்தால் துளையைச் சுற்றிக் காரை பெயர்ந்து, திருகாணி பிடிக்காமல் போகும். அங்கே அடியை நிறுத்திவிட்டுச் சுழற்சியால் மட்டும் துளைப்பதே நல்லது. அடுக்குமாடிக் குடியிருப்பின் காங்கிரீட் தூணிலோ உத்திரத்திலோ துளையிட வேண்டுமானால் இடிதுளைப்பான்தான் சரி.

திருகாணி பிடிப்பதற்காகத் துளைக்குள் செருகும், கடைகளில் 'ராவல் பிளக்' எனப்படும் முளைக்குச் 'சுவர்முளை' என்று இழையில் முன்பே வந்த சொல் எனக்கு முழுமையாக ஏற்புடையது. தொகுப்பாளர்கள் தட்டுதுளைப்பான், இடிதுளைப்பான், சுவர்முளை ஆகிய மூன்றையும் தனித்தனிப் பதிவுகளாகச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்; 'தட்டுதுளைப்பான்' ஒலிப்பதற்குக் கடினம் என்று கருதுவோர் மாற்றுச் சொல்லோடு எழுதுங்கள்.