புதுப்பிப்பு: மகளுக்கு பைகார்பனேட் தொடங்கிய பிறகு

மகளுக்கு எடையே ஏறவில்லை, ரத்தத்தில் அமிலத்தைச் சமன்செய்யும் பைகார்பனேட் குறைந்து 14தான் இருக்கிறது என்று முன்பு எழுதியிருந்தேன். சிறுநீரகத்துக்குள் இருக்கும் நுண்குழாய்களில்தான் கோளாறு (ரீனல் டியூபுலர் அசிடோசிஸ்) என்று உறுதியாகிவிட்டது. ரத்தம் அவ்வளவு அமிலமாக இருந்தும் சிறுநீரின் பிஎச் (அமிலம் கூடினால் குறையும் அளவு) 5.5க்குக் கீழே இறங்கவே இல்லை. அமிலத்தை வெளியேற்றச் சிறுநீரகத்தால் முடியவில்லை.

இப்போது சோடியம் பைகார்பனேட்டோடு பொட்டாசியம் சிட்ரேட் திரவமும் கொடுக்கிறோம். சிட்ரேட்டைக் கல்லீரல் பைகார்பனேட்டாக மாற்றிவிடும். குறைந்திருந்த பொட்டாசியமும் ஈடாகும். கரிப்புச் சுவைக்கு முகத்தைச் சுளிக்கிறாள், பாவம். தண்ணீர் நிறையக் கலந்து, சாப்பாட்டுக்கு அப்புறம் கொடுத்தால் குடித்துவிடுகிறாள்.

நேற்றைய பரிசோதனையில் பைகார்பனேட் 22! எடையும் ஏறுகிறது.

சமையல் சோடாவும் சோடியம் பைகார்பனேட்தானே, அது போதுமா என்று கேட்டவர்களுக்கு: தயவுசெய்து வேண்டாம், அளவு பிசகினால் ஆபத்து.

இந்நோயில் சில குழந்தைகளுக்குக் காது கேட்பதும் குறையுமாம். அடுத்து செவித்திறன் பரிசோதனை.