கீழ்ப்பக்கத் தோலில் (பெண்ணுறுப்பின் வெளித்தோலில்) வரும் புற்றுநோய்: பார்த்தவர்கள், பட்டவர்கள் எழுதுங்கள்

பொகவந்தலாவை மகள்:

அம்மாவுக்கு மெலனோமா, தோலுக்கு நிறம் தருகிற செல்களில் வரும் புற்றுநோய். எங்கே என்று தலைப்பிலேயே இருக்கிறது. மெலனோமா வெயில் பட்டு வருவது என்று படித்தவர்களே சொல்கிறார்கள். இந்த இடத்தில் வருவதற்கும் வெயிலுக்கும் சம்பந்தமில்லை. காலமெல்லாம் மலையில் கொழுந்து பறித்தவளுக்கு முகத்திலும் கையிலும் ஒன்றுமில்லை.

முதலில் அரிப்பு, அப்புறம் உள்பாவாடையில் இரத்தத் துளி. மாதவிடாய் நின்று எவ்வளவோ காலம். கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் படங்கு நனைந்து உரசுகிறது என்று அவளே முடிவு செய்துகொண்டாள். போனால் அரைப் பேர், அதாவது பாதி நாள் கூலிதான் கிடைக்கும் என்று டிஸ்பென்சரிக்கும் போகவில்லை. என் கைக்குழந்தையைப் பார்க்க லயத்துக்கு வந்த மருத்துவமாதுவிடம் பேச்சோடு பேச்சாகச் சொல்லப்போய்த்தான் விஷயம் வெளியே வந்தது.

என்னை இன்னும் விடாதது கிளினிக்கில் நடந்தது. டாக்டர் சிங்களத்தில் கேட்டதை நர்ஸ் மிஸ்ஸி தமிழில் சொன்னார்: "இந்தக் கறுப்பு எவ்வளவு காலமா இருக்கு?" அம்மா, "எந்தக் கறுப்பு?" என்றாள். மிஸ்ஸி தன் கைப்பையிலிருந்து முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்துப் பிடித்தார். ஐந்து பிள்ளை பெற்றவள் அன்றைக்குத்தான் அந்த இடத்தை முதல் தடவையாகப் பார்க்கிறாள். ஓரம் ஒழுங்கில்லாத கறுப்பு, பக்கத்தில் சிவப்பாக ஒரு சின்னக் கட்டி. "இதுக்கா இவ்வளவு நேரம் பார்த்தாரு?" என்று சிரித்தாள். டாக்டர் சிரிக்கவில்லை.

ஓய்வுபெற்ற மிஸ்ஸி, பண்டாரவளை:

மகளே, அந்தச் சிவப்புக் கட்டியும் மெலனோமாவாக இருக்கலாம். இந்த இடத்து மெலனோமாவில் ஒரு பங்கு நிறமே இல்லாமல்தான் வரும், அதனால்தான் தவறிப்போகிறது.

நான் பார்த்தது பாஜெட் நோய், அதுவும் தோலில் வரும் ஒரு புற்றுநோய். மார்புக் காம்பில் வருவதை 1874இல் ஜேம்ஸ் பாஜெட் எழுதினார், அதே நோய் கீழேயும் வரும். அந்த அம்மா வந்து உட்கார்ந்ததும் ஒரு சிலிசிலி பையை மேசையில் கொட்டினார். எல்லாம் பூஞ்சை கிறீம் டியூப்கள். அடியிலிருந்து சுருட்டிச் சுருட்டிக் கடைசிச் சொட்டு வரை பிதுக்கியிருந்தார். ஒவ்வொன்றும் வேறு வேறு டாக்டர் எழுதியது. அந்தப் பெண் ஒன்றையும் வீணாக்கவில்லை, ஒரு கிளினிக்கையும் தவறவிடவில்லை. பாவாடையை விலக்கிப் பார்த்தவர்கள் மட்டும் யாருமில்லை.

பார்த்தால் எக்சிமா மாதிரியே இருக்கும். ஈரமான சிவப்பு, மேலே வெள்ளைத் திட்டுகள். சதை எடுத்து அனுப்பிய பிறகுதான் பெயர் தெரிந்தது. அப்புறம் சிறுநீர்ப்பை, மலக்குடல் எல்லாம் சோதித்தார்கள், ஏனென்றால் சிலருக்கு உள்ளே வேறொரு புற்றுநோய் இருந்து அது தோலில் இப்படித் தெரியும். அவருக்கு அப்படி இல்லை. வெட்டி எடுத்தும் திரும்ப வந்தது. கண்ணுக்குத் தெரிகிற எல்லையைத் தாண்டித் தோலுக்குள் பரவியிருப்பது இதன் குணம்.

ஹட்டன் தம்பி:

என் மாமிக்கும் இந்த மாதிரி இருந்தது, கிறீம் பூசி ஆறிவிட்டது. அவ்வளவுதான் என் கதை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். மிஸ்ஸி எழுதியதைப் படித்துவிட்டு அரிப்பு வந்த பெண்கள் எல்லாம் புற்றுநோய் என்று பயந்து பஸ் ஏறப்போகிறார்கள். மழையும் குளிரும் ஈரத்துணியுமாக இருக்கிற இடத்தில் அரிப்பு வராமல் என்ன செய்யும்? முதலில் பருத்தி உள்ளாடை போடச் சொல்லுங்கள். சவர்க்காரம் போடாமல் வெதுவெதுப்பான நீரில் கழுவச் சொல்லுங்கள். சீனி வருத்தம் இருக்கிறதா என்று இரத்தம் பார்க்கச் சொல்லுங்கள், சீனி கூடினால் பூஞ்சை போகவே போகாது. தோட்டத்தில் கழிப்பறையே ஒழுங்காக இல்லை, அதை யாராவது பேசுகிறீர்களா? இன்னொன்று, சதை வெட்டி எடுத்தால் நோய் கிளம்பிப் பரவும் என்று எங்கள் பக்கம் பெரியவர்கள் சொல்வார்கள். அதையும் யோசிக்க வேண்டும்.

ஓய்வுபெற்ற மிஸ்ஸி, பண்டாரவளை:

தம்பி, சீனியைப் பற்றியும் கழிப்பறையைப் பற்றியும் சொன்னது சரி. கடைசியில் சொன்னது சரியில்லை. சதை எடுப்பதால் பரவாது. ஊசி போட்டு மரக்கவைத்து, சில மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு துண்டு எடுப்பார்கள். அது இல்லாமல் எந்தப் புற்றுநோய் என்றே தெரியாது. மெலனோமா என்றால் எவ்வளவு ஆழம் என்று மில்லிமீட்டரில் அளப்பார்கள். 1970இல் பிரெஸ்லோ என்ற டாக்டர் கொண்டுவந்த அளவு அது. சுற்றி எவ்வளவு வெட்டுவது, நெறிக்கட்டியை (நிணநீர்க் கணுவை) சோதிப்பதா என்பதற்கெல்லாம் அந்த எண்தான் முக்கியம். பாஜெட்டுக்கு வேறு வழி, சிலருக்கு இமிகிமோட் கிறீம்கூடக் கொடுப்பார்கள். பெயர் தெரியாமல் இதில் எதைச் செய்வது?

அரிப்பு வந்தவர் எல்லாரும் பஸ் ஏற வேண்டாம். மருந்து போட்டும் சில வாரத்தில் ஆறாதவர், புண்ணோ கட்டியோ இரத்தமோ இருப்பவர் ஏறட்டும்.

கொட்டகலைக்காரி, இப்போது கொழும்பில்:

என் சித்தி கதை வேறு. லைக்கன் ஸ்க்ளிரோசஸ். தோல் வெளுத்து, மெலிந்து, சுருங்கிப்போனது. அது புற்றுநோய் இல்லை, ஆனால் சரியாகக் கவனிக்காவிட்டால் சிலருக்கு அதன்மேல் ஸ்குவாமஸ் என்கிற, தோலின் மேல்படைச் செல்களில் வரும் புற்றுநோய் வரும். சித்திக்கு வந்தது. பெண்களைச் சோதிக்கும் சுகவனிதையர் கிளினிக்கில் பாப் சோதனை செய்து "நல்லா இருக்கு" என்று அட்டையில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்த அட்டையை டாக்டர் முன்னால் நீட்டி, "எனக்குத்தான் ஒண்ணுமில்லைன்னு எழுதியிருக்கே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அந்தக் குரல் காதில் இருக்கிறது.

எனவே, யாரும் கேட்காவிட்டாலும் எழுதுகிறேன். பாப் சோதனை கருப்பை வாசலுக்கு மட்டும்தான். வெளித்தோலைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. 35 வயதிலும் 45 வயதிலும் கூப்பிடுவார்கள், கட்டாயம் போங்கள். போன இடத்தில், "வெளியேயும் பாருங்க மிஸ்" என்று வாய்விட்டுக் கேளுங்கள். இந்த வெள்ளைத் தோல் நோய்க்கு குளோபெட்டசோல் என்ற கடுமையான ஸ்டீராய்டு களிம்பு கொடுப்பார்கள். பயந்து பாதியில் விடாதீர்கள், சித்தி விட்டார். மகள் 6ஆம் வகுப்பில் இருந்தால் எச்பிவி என்ற வைரஸுக்கான தடுப்பூசிக்குக் கையெழுத்துப் போடுங்கள், 2017இலிருந்து பள்ளிக்கூடத்திலேயே போடுகிறார்கள். அது மெலனோமாவைத் தடுக்காது. ஆனால் இந்த இடத்து ஸ்குவாமஸ் புற்றுநோயில் ஒரு பகுதி அந்த வைரஸால் வருவது. தம்பிமார்களுக்கும் ஒன்று: அம்மாவுக்கோ மாமிக்கோ சிங்களம் தெரியாதென்று நீங்களே உள்ளே போய் நிற்காதீர்கள், ஒரு பெண்ணை அனுப்புங்கள். மகன் நிற்கும்போது எந்த அம்மா வாயைத் திறப்பாள்?

ஹட்டன் தம்பி:

நான் எங்கே உள்ளே போய் நின்றேன்? அக்கா பொதுவாகச் சொல்கிறார் போல. சரி. பொகவந்தலாவை அக்கா, அம்மாவுக்கு அப்புறம் என்ன செய்தார்கள்?

பொகவந்தலாவை மகள்:

மஹரகமை புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். சுற்றுத் தோலோடு வெட்டி எடுத்தார்கள். தொடை இடுக்கில் நோய் முதலில் போய்ச் சேரும் நெறிக்கட்டி எது என்று கண்டுபிடிக்க நீலச் சாயம் ஏற்றி, அதை மட்டும் எடுத்துச் சோதித்தார்கள். அதில் பரவியிருந்தது. மெலனோமாவுக்குப் பழைய கீமோ பெரிதாக வேலை செய்யாதாம். பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் என்று எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடுகிற மருந்துகளைப் பற்றி டாக்டர் பேசினார். விலையைக் கேட்ட அண்ணன் வெளியே போய்விட்டான். மரபணுவும் பார்க்க வேண்டும் என்றார்கள். மற்ற இடத்துத் தோல் மெலனோமாவில் அதிகம் இருக்கும் பிராஃப் மாற்றம் இந்த இடத்தில் குறைவாம், கிட் என்ற மாற்றம் இருந்தால் அதற்கு மாத்திரை உண்டாம். அந்த முடிவுக்குத்தான் காத்திருக்கிறோம்.

மிஸ்ஸியிடம் ஒரு கேள்வி. ஆபரேஷன் முடிந்து அம்மாவுக்குச் சிறுநீர் பச்சையாகப் போனது. வார்டில் கேட்கக் கூச்சப்பட்டு எனக்கும் இப்போதுதான் சொல்கிறாள். அது எதனால்?

ஓய்வுபெற்ற மிஸ்ஸி, பண்டாரவளை:

அந்த நீலச் சாயம்தான் மகளே, சிறுநீரில் வெளியேறும்போது பச்சையாகத் தெரியும். ஓரிரண்டு நாளில் நின்றிருக்குமே? பயப்பட ஒன்றுமில்லை. அதைவிட, கால் வீங்குகிறதா என்று பார்த்துக்கொள். நெறிக்கட்டி எடுத்தவர்களுக்கு அது வரும், சிலருக்கு மாதங்கள் கழித்து. வீங்கினால் அடுத்த கிளினிக் நாள் வரை பொறுக்காமல் கூட்டிப்போ.