55-250 லென்ஸுக்கு டெலிகன்வேட்டர் சரிவருமா?

கேள்வி: அண்ணைமார், என்னிடம் இருப்பது கெனன் கிராப் பொடியும் (சிறிய சென்சர் உள்ள கமரா) 55-250 மிமீ லென்ஸும். சுண்டிக்குளத்தில் பூநாரைகள் வெறும் புள்ளியாகத்தான் விழுகின்றன. பெரிய லென்ஸுக்குக் காசில்லை, கமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவில் பூட்டி உருவத்தைப் பெரிதாக்கும் டெலிகன்வேட்டர், 2 மடங்கு உள்ளது, வாங்கலாமா?

பதில்: தம்பி, அவசரப்பட வேண்டாம். அதைப் போட்டால் 2 ஸ்டொப் வெளிச்சம் போய்விடும் (ஒவ்வொரு ஸ்டொப்புக்கும் வெளிச்சம் பாதியாகும்), 250இல் எஃப் 5.6 இருக்கும் லென்ஸின் திறப்பு எஃப் 11 ஆகச் சுருங்கின மாதிரி ஆகும், பிறகு ஓட்டோஃபோகஸ் இருட்டில் தடவுகிற மாதிரித்தான். கெனனின் சொந்த டெலிகன்வேட்டரான எக்ஸ்டெண்டரோ உமது லென்ஸில் பூட்டவே பூட்டாது.

இன்னொருவர்: லென்ஸின் முன்னால் திருகும் மலிவுக் கண்ணாடியும் வேண்டாம். நான் வாங்கி ஏமாந்தேன், ஓரமெல்லாம் ஊதா. விடியப் போய், மண் நிரப்பிய பையில் கமராவை வைத்து எடுத்துவிட்டு, பிறகு வெட்டிப் பெரிதாக்கும்.

கேட்டவர்: ஓம், விளங்குது. 1.4 மடங்கு என்றால்?

பதில்: 1 ஸ்டொப்தான் போகும், ஆனால் கிடைப்பதும் வெறும் 350 மிமீ. அந்தக் காசைச் சேர்த்து வைத்துப் பாவித்த 400 மிமீ லென்ஸ் ஒன்று தேடும்.