அரக்கு நிறப் பெட்டிகளுக்கு எந்த இன்ஜின் பொருந்தும்? அவசர உதவி தேவை

சூரமங்கலம்_பேரன் (செவ்வாய், இரவு 10.52)
வணக்கம். மாடல் ரயில் எனக்குப் புதிது. ஐந்து பயணிகள் பெட்டிகள் வாங்கியிருக்கிறேன், எல்லாம் பழைய அரக்கு நிறம். கூடவே வெள்ளையில் சிவப்புப் பட்டை போட்ட டபிள்யூஏபி 7 மின்சார இன்ஜினும் வாங்கிவிட்டேன். சேர்த்து நிறுத்திப் பார்த்தால் ஏதோ ஒட்டவில்லை. தாத்தா ரயில்வேயில் கார்டாக இருந்தவர். வரும் 14-ஆம் தேதி அவருக்குச் சதாபிஷேகம், மண்டபத்தில் ஓடவிட வேண்டும். எந்த இன்ஜின் வைத்தால் சரியாக இருக்கும்? சீக்கிரம் சொல்லுங்கள். இன்னொன்று, பெட்டியின் கொக்கி இன்ஜினில் மாட்டவே மாட்டேன் என்கிறது.

செவ்வாய்ப்பேட்டை_லைன் (11.05)
என்ன அளவு? எந்த ஆண்டைக் காட்டப் போகிறீர்கள்? பெட்டி பழைய ஐசிஎஃப் வகையா, பிறகு வந்த எல்எச்பி வகையா? படம் எங்கே? சாதகம் கொடுக்காமல் பொருத்தம் பார்க்கச் சொல்கிறீர்கள்.

வளைவு_வாத்தியார் (11.11)
இன்ஜின் கிடக்கட்டும். உங்கள் வளைவின் ஆரம் எவ்வளவு? 45 செ.மீ. ஆரத்தில் நீளப் பெட்டியை ஓடவிட்டால் நடு உடல் உள்ளே சரியும், முனைகள் வெளியே நீட்டும். கொக்கி கழன்றுகொள்வதற்கும் அதுதான் காரணம். இதை நான் எத்தனையோ முறை சொல்லிவிட்டேன்.

செவ்வாய்ப்பேட்டை_லைன் (11.14)
கழன்றுகொள்கிறது என்று அவர் சொல்லவில்லை ஐயா. மாட்டவே இல்லை என்கிறார்.

பழைய_ஃபோர்மேன் (புதன், காலை 5.40)
மாதம் ஒருமுறை யாராவது இதே கேள்வியோடு வந்துவிடுகிறார்கள். தேடிப் படிக்கும் வழக்கமே போய்விட்டது. தம்பி, டபிள்யூஏபி 7 பிறந்தது 2000-இல். பெரம்பூர் ஐசிஎஃப் பெட்டித் தொழிற்சாலை தொடங்கியது 1955-இல். உங்கள் அரக்குப் பெட்டிகள் அந்த வீட்டுப் பிள்ளைகள். அரக்கு மறைந்து நீலம் வந்தது 1990-களில். அந்தக் காலத்துப் பெட்டிகளுக்கு வெற்றிட பிரேக். டபிள்யூஏபி 7-க்குக் காற்று பிரேக் மட்டுமே தெரியும். உண்மையில் இழுத்திருந்தால் வண்டி நகர்ந்தே இருக்காது. பொம்மை வாங்குவதற்கு முன் ஒரு மணி நேரம் படித்திருந்தால் பணம் மிஞ்சியிருக்கும்.

சூரமங்கலம்_பேரன் (காலை 7.20)
மன்னிக்கவும், இவையெல்லாம் தேவைப்படும் என்று தெரியாது. டப்பாவில் ஹெச்ஓ என்று போட்டிருக்கிறது. பெட்டியின் உடலை ஸ்கேல் வைத்து அளந்தேன், 24.5 செ.மீ. வேலைக்குக் கிளம்புகிறேன், மற்றது மாலையில்.

செவ்வாய்ப்பேட்டை_லைன் (7.48)
ஆக ஐசிஎஃப்தான். நிஜப் பெட்டியின் உடல் 21.3 மீட்டருக்குச் சற்று மேல். ஹெச்ஓ என்றால் நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு, 87-ஆல் வகுத்தால் 24.5 செ.மீ. எல்எச்பி என்றால் உடல் 23.5 மீட்டர், மாடலில் 27 செ.மீ. வந்திருக்கும். இனி ஆண்டை மட்டும் சொல்லுங்கள்.

கொக்கி விஷயம்: இன்ஜினிலும் பெட்டியிலும் வெவ்வேறு வகைக் கொக்கி இருக்கிறது, அவ்வளவுதான். பெட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள். கொக்கி ஒரு சதுரப் பொந்துக்குள் செருகியிருந்தால், அதன் பின்முனை மீன்வால் போலப் பிளந்திருக்கும். சின்ன ஸ்க்ரூ டிரைவர் முனையால் அந்த வாலை நெருக்கிக்கொண்டு இழுத்தால் வந்துவிடும். முதல் பெட்டியின் முன்பக்கக் கொக்கியை மட்டும் இன்ஜினுக்கு ஏற்ற வகையாக மாற்றினால் போதும், ஐந்தையும் பிரிக்க வேண்டாம்.

கரிப்புகை (காலை 9.02)
கரி இன்ஜின்தான், வேறு பேச்சே இல்லை. டபிள்யூபி. 1947-இல் அமெரிக்காவின் பால்ட்வின் ஆலையிலிருந்து வந்தது. தோட்டா மூக்கு, அதன் நடுவில் நட்சத்திரம். பின்னால் அரக்குப் பெட்டி வரிசை. மண்டபத்தில் ஒரு பெரியவர் கண்ணும் காய்ந்திருக்காது.

டீசல்_தாசன் (9.15)
ஆண்டு தெரியாமலே கரியைப் பற்ற வைத்துவிட்டீர்கள். டபிள்யூடிஎம் 2 டீசல் வைத்தால் எந்த வாதமும் எழாது. ஆல்கோ வடிவமைப்பு, 2600 குதிரைத்திறன், 1962-இல் இறக்குமதி, பிறகு வாரணாசியிலேயே கட்டினார்கள். 1960-களிலிருந்து 90-கள் வரை அரக்குப் பெட்டிக்கு முன்னால் அதை நிறுத்தினால் யாரும் தவறு சொல்ல முடியாது. டபிள்யூபிக்கு அந்த வசதி இல்லை.

கரிப்புகை (9.21)
சித்தரஞ்சனில் 1960-கள் வரை டபிள்யூபி கட்டிக்கொண்டிருந்தார்கள். கட்டிய இன்ஜினைக் கண்காட்சியில் வைக்கவா கட்டினார்கள்? 70-களிலும் ஓடியது.

டீசல்_தாசன் (9.24)
ஓடவில்லை என்று நான் எங்கே சொன்னேன்?

ஏற்காடு_பனி (10.30)
பெட்டியில் ‘ஏற்காடு எக்ஸ்பிரஸ்’ என்று பலகை ஒட்டுங்கள், உறவினர்கள் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். என் சொந்த யோசனை.

வளைவு_வாத்தியார் (10.37)
அந்த ரயில் ஏற்காட்டுக்குப் போவதில்லை என்று ஒவ்வொரு வெளியூர்க்காரருக்கும் விளக்கியே நாம் பாதி ஆயுளைக் கழித்துவிட்டோம். இப்போது மாடலிலும் தொடங்க வேண்டுமா?

அரக்கு_நீலம் (பிற்பகல் 1.10)
ஃபோர்மேன் ஐயா சொன்னதில் ஒன்று இடிக்கிறது. நிறத்தைப் பார்த்து பிரேக்கைச் சொல்ல முடியாது. காற்று பிரேக் பெட்டிகளைப் பிரித்துக் காட்டத்தான் நீலம் அடித்தார்கள் என்பது சரி. ஆனால் ஒரே நாளில் எல்லாப் பெட்டியும் ஒர்க்‌ஷாப் போய்ப் புது வர்ணத்தோடு திரும்பியதா என்ன? பெட்டியின் முனையில் பஃபருக்குக் கீழே குழாயைப் பாருங்கள். யானைத் தும்பிக்கை போல மடிப்பு மடிப்பான தடித்த குழாய் ஒன்றே ஒன்று என்றால் வெற்றிட பிரேக். மெல்லிய குழாய்கள் இரண்டு தொங்கினால் காற்று. நல்ல மாடலில் இதையும் செய்திருப்பார்கள்.

பழைய_ஃபோர்மேன் (1.32)
நான் குழாய் மாட்டிய கை இது. எனக்கு நீங்கள் பாடம் எடுக்க வேண்டாம்.

அரக்கு_நீலம் (1.35)
கையைக் குறை சொல்லவில்லை ஐயா. வாக்கியத்தைச் சொன்னேன்.

பழைய_ஃபோர்மேன் (1.41)
வாக்கியத்திலும் பிழை இல்லை. புதியவருக்கு நுணுக்கம் எதற்கு என்று விட்டேன்.

தட்டுவடை_செட் (2.05)
மதியம் சாப்பிட்டுவிட்டு வாருங்கள் இருவரும்.

சூரமங்கலம்_பேரன் (இரவு 9.47)
கொக்கி வந்துவிட்டது! மிக்க நன்றி. மீன்வால் என்று சொன்னது அப்படியே இருந்தது. ஆண்டு கேட்டிருந்தீர்கள். தாத்தா கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒரு பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கும் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் பெட்டிகளை வாங்கினேன். இங்கே ஏற்ற முடியவில்லை. படத்தின் பின்னால் பேனாவில் ‘சேலம் டவுன், 1974’ என்று எழுதியிருக்கிறது.

செவ்வாய்ப்பேட்டை_லைன் (9.53)
சேலம் டவுனா? ஜங்ஷன் இல்லையா?

சூரமங்கலம்_பேரன் (9.55)
டவுன்தான். ஏன், இரண்டும் சேலம்தானே?

செவ்வாய்ப்பேட்டை_லைன் (10.08)
இதை முதல் வரியில் சொல்லியிருக்க வேண்டும். டவுன் நிலையம் விருத்தாசலம் பாதையில் இருக்கிறது. 1974-இல் அது மீட்டர்கேஜ், அகலப்பாதையாக மாறியது 2000-களில்தான். டபிள்யூபியும் டபிள்யூடிஎம் 2-ம் அகலப்பாதை இன்ஜின்கள், டவுனில் கால் வைக்கவே முடியாது. தாத்தா நின்றது மீட்டர்கேஜ் பெட்டி பக்கத்தில். அகலமும் குறைவு, நீளமும் குறைவு. நீங்கள் வாங்கியிருப்பது ஜங்ஷனில் ஓடிய அகலப்பாதைப் பெட்டி. இன்ஜின் என்றால் நீராவியில் ஒய்பி, டீசலில் ஒய்டிஎம் 4.

கரிப்புகை (10.11)
ஒய்பி! எப்படியும் கரிதான் என்று சொன்னேனே.

டீசல்_தாசன் (10.12)
நீங்கள் சொன்னது டபிள்யூபி.

பழைய_ஃபோர்மேன் (10.30)
மீட்டர்கேஜ் என்றால் ஹெச்ஓ அளவில் தண்டவாளம் 12 மி.மீ. வேண்டும். வழக்கமான 16.5-இல் ஓடவிட்டால் அது மீட்டர்கேஜ் ஆகாது. தொடக்கத்திலிருந்து எல்லாம் தவறு.

அரக்கு_நீலம் (10.44)
அப்படிப் பார்த்தால் நம் வீட்டில் ஓடுவது மட்டும் அகலப்பாதையா? 1,676 மி.மீ. பாதைக்கு ஹெச்ஓவில் 19 மி.மீ.க்கு மேல் வேண்டும். 16.5 என்பது ஐரோப்பிய அகலம். இருபது வருடமாக எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டுதான் ஓட்டுகிறோம். பேரனை மட்டும் ஏன் வெயிலில் நிறுத்துகிறீர்கள்?

டீசல்_தாசன் (10.58)
சதாபிஷேகத்துக்குள் மீட்டர்கேஜ் மாடல் தேடிப் பிடிக்க முடியாது. தம்பி, இருக்கிற பெட்டிகளை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். நிலையப் பலகையில் ‘சேலம் ஜங்ஷன்’ என்று எழுதுங்கள். என்னிடம் ஒரு டபிள்யூடிஎம் 2 இருக்கிறது, கடனாகத் தருகிறேன். தனிச்செய்தி அனுப்புங்கள். வெள்ளை இன்ஜினைப் பெட்டிக்குள் வையுங்கள், எல்எச்பி வாங்கும்போது உதவும்.

வளைவு_வாத்தியார் (11.02)
ஆரம் எவ்வளவு என்று இன்னும் சொல்லவில்லை.

கரிப்புகை (வெள்ளி, காலை 8.15)
கார்டாக இருந்தவர் கண்ணுக்கு ஜங்ஷனும் டவுனும் ஒன்றாகத் தெரியுமா? உடனே கண்டுபிடித்துவிடுவார், பாருங்கள்.

தட்டுவடை_செட் (16-ஆம் தேதி, இரவு 8.20)
விழா என்ன ஆயிற்று? ஆளையே காணோம்.

சூரமங்கலம்_பேரன் (19-ஆம் தேதி, இரவு 11.36)
வீட்டில் கூட்டம், எழுத முடியவில்லை. டீசல்_தாசன் அண்ணாவின் இன்ஜின் நன்றாக இழுத்தது, நாளை திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். வளைவில் ஒருமுறை மட்டும் கவிழ்ந்தது. தாத்தா இன்ஜினைப் பார்க்கவே இல்லை, பலகையையும் படிக்கவில்லை. ஐந்து பெட்டியும் தாண்டிப் போகும் வரை குனிந்து பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “கடைசிப் பெட்டியில் எல்வி பலகை எங்கே? பலகை இல்லாமல் வண்டியை எப்படி விட்டார்கள்?” என்று கேட்டார். எல்வி என்றால் லாஸ்ட் வெஹிக்கிள், இதுதான் கடைசிப் பெட்டி என்று காட்டும் பலகையாம். வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டார். அட்டையில் எழுதி ஒட்டிய பிறகுதான் கொடி அசைத்தார்.

ஹெச்ஓவில் அந்தப் பலகை எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? நான் ஒட்டியது கொஞ்சம் பெரிதோ என்று தோன்றுகிறது.

வளைவு_வாத்தியார் (11.40)
கவிழ்ந்ததா?

பழைய_ஃபோர்மேன் (20-ஆம் தேதி, காலை 5.35)
எல்வி பலகைக்குத் தனி இழை தொடங்குங்கள் தம்பி. அளவு நான் சொல்கிறேன்.