பிச்சாவரம் சேத்துல பசங்களை வெறுங்காலோட இறக்குறது சரியா?

கெடிலக்கரை:
நேத்து இங்க ஒரு பதிவு. "வழி தவறுன பசங்க 11 பேரைப் பிச்சாவரம் கூட்டிட்டுப் போனோம். செருப்பைக் கழட்டிட்டுச் சேத்துல இறங்குன நிமிஷமே மனசு இளகிடுச்சு." படிச்சதுலேர்ந்து வயிறு எரியுது. மூணு வருஷமா பசங்களோட அந்தக் காட்டுக்குப் போறேன். பள்ளிக்கூடத்தை விட்டவன், அடிதடில மாட்டுனவன், கூர்நோக்கு இல்லத்துலேர்ந்து வந்தவன் எல்லாரும் உண்டு. ஒருத்தனையும் வெறுங்காலோட இறக்க மாட்டேன். வெண்கண்டல் மரத்தோட மூச்சுவேர் ஆணி ஆணியா மேல நோக்கி நிக்கும். நடுவுல சிப்பி ஓடு. மிதிச்சா கிழிச்சிடும்.

புதுவைப் பறவை:
அது என் பதிவுதான். மண்ணு கால்ல படணும் சார். அடைச்சு வெச்சே வளர்ந்த பசங்க. நீங்க செருப்பைப் பத்திப் பேசுறீங்க, நான் மனசைப் பத்திப் பேசுறேன்.

கெடிலக்கரை:
மனசைப் பத்தியே பேசுவோம். 16 வயசுப் பையன் ஒருத்தன், யார் முகத்தையும் பார்க்க மாட்டான். கைல சுரபுன்னைக் காயைக் குடுத்தேன். மரத்துலயே முளைவிட்டு முருங்கைக்காய் மாதிரி தொங்குமே, அதை அப்படியே சேத்துல குத்தி வைக்கணும். முதல் தடவை வெச்சதையெல்லாம் பிடுங்கி வாய்க்கால்ல வீசிட்டான். ரெண்டாவது தடவை சும்மா உட்கார்ந்திருந்தான். நாலாவது தடவை போனப்ப அவன் வெச்ச அஞ்சுல ரெண்டை நண்டு தின்னுருந்துச்சு. குனிஞ்சு ரொம்ப நேரம் பார்த்தான். அப்புறம் "வேற காய் இருக்கா சார்?"னு கேட்டான். இதுக்கு அஞ்சு மாசம் ஆச்சு, நிமிஷத்துல ஆகல. அன்னைக்கும் அவன் கால்ல செருப்பு இருந்துச்சு.

புதுவைப் பறவை:
திரும்பவும் செருப்பு! ஆரோவில்லைப் பாருங்க. 1968ல வெறும் செம்மண் பொட்டல், இன்னைக்குக் காடு. அங்க வெறுங்காலோட நடக்குறவங்களை நானே பார்த்திருக்கேன்.

கெடிலக்கரை:
அது காடானது மழைத்தண்ணி ஓடிடாம வரப்பு போட்டுக் கன்னு நட்டதால. அந்த வரப்பை வெட்டுனதுல சுத்துவட்டாரக் கிராமத்துச் சனங்களோட உழைப்பும் இருக்கு, அதையும் சொல்லுங்க. போன வருஷம் ஊசுட்டேரிக்குப் பறவை பார்க்கப் போனப்ப நாமக்கோழியைத் தாழைக்கோழின்னு சாதிச்சவர்தானே நீங்க?

புதுவைப் பறவை:
அன்னைக்கு வெளிச்சம் சரியில்ல. அதை இன்னும் மனசுல வெச்சிருக்கீங்களா?

ஊசிக்கார அக்கா:
நான் நர்ஸ். சேத்துல கால் கிழிஞ்சா ரணஜன்னி வராம இருக்க டிடி ஊசி போட்டிருக்கான்னு பார்த்தாகணும். பசங்களுக்குப் போட்டீங்களா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க.

கிள்ளை மக:
ரெண்டு பேருக்கும் சேர்த்தே சொல்றேன். எங்க ஆத்தா செருப்பில்லாமத்தான் அந்த வாய்க்கால்ல கையால இறா தடவி எங்களை வளர்த்துச்சு. எந்த வேர் எங்க நிக்குதுன்னு அதோட காலுக்குத் தெரியும். தில்லை மரத்துப் பால் கண்ணுல பட்டா பார்வை மங்கும்னு எங்க வீட்டுல நாலு வயசுப் புள்ளைக்கும் தெரியும். உங்க 11 பேருக்கு யார் சொல்லிக் குடுத்தது? எங்க ஆளுங்க ஒருத்தரைக் கூப்பிட்டீங்களா?

புதுவைப் பறவை:
பாருங்க, அவங்க ஆத்தாவே வெறுங்கால்தான்!

கிள்ளை மக:
அண்ணே, என் பேச்சை எடுத்து உங்க கட்சிக்கு ஒட்டாதீங்க. அதுக்குச் செருப்பு வாங்கக் காசில்ல.

கெடிலக்கரை:
தங்கச்சி சொல்றது நியாயம். நாங்க படகுக்காரர் ஒருத்தரைக் கூட வெச்சுக்கிறோம், ஆனா பொம்பளைங்களை இதுவரைக்கும் கூப்பிட்டதில்ல. இன்னொண்ணும் கேட்கணும். பதிவோட பசங்க மூஞ்சி தெரியுற போட்டோ எதுக்கு? சட்டத்துல மாட்டுன சிறுவர் யாருன்னு வெளிய தெரியக் கூடாதுன்னு 2015ஆம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டம் சொல்லுது. நாளைக்கு அவன் வேலை கேட்டுப் போற இடத்துல யாராச்சும் அந்தப் போட்டோவைக் காட்டுனா?

புதுவைப் பறவை:
போட்டோவை எடுத்துடுறேன். பதிவை எடுக்க மாட்டேன்.

கெடிலக்கரை:
அந்தக் காட்டோட கதையையாவது அவங்களுக்குச் சொன்னீங்களா? மொத்தமா வெட்டுன இடத்துல தரை பள்ளமாகி, தண்ணி தேங்கி, உப்பேறி எதுவும் முளைக்கல. 1990கள்ல மீன்முள்ளு மாதிரி வாய்க்கால் வெட்டி, ஓதத்தண்ணி வந்து போக வழி விட்டாங்க, திரும்ப மரம் வந்துச்சு. இதைச் சொன்னப்ப ஒருத்தன் கேட்டான், "தேங்கி நின்னதுதான் கெடுத்துச்சா சார்?" வீட்டுக்குப் போற வழியெல்லாம் அவன் பேசிக்கிட்டே வந்தான். அதுக்கு முன்னாடி அவன் குரலையே நான் கேட்டதில்ல.

ஊசிக்கார அக்கா:
ஊசி போட்டீங்களான்னு கேட்டேன்.

புதுவைப் பறவை:
ஒண்ணு கேட்கிறேன். அந்தச் சேத்துல செருப்பு புதைஞ்சுக்குமே, எப்படி நடந்தாங்க?

கெடிலக்கரை:
கயிறு கட்டுன கேன்வாஸ் ஷூ. முதல்லேர்ந்து அதைத்தான் சொல்றேன்.

புதுவைப் பறவை:
முதல்லேர்ந்து செருப்புன்னுதான் எழுதியிருக்கீங்க. மேல போய்ப் படிங்க.

கெடிலக்கரை:
கால்ல போடுறது எல்லாமே செருப்புதான் எங்க ஊர்ல.

கிள்ளை மக:
எங்க ஊர்ல இல்ல.