நான்கரை மாத நாய்க்குட்டிக்குப் பல் விழுகிறது. கடியை எப்படிச் சமாளிப்பது?

பெரம்பூர்வாசி:
அனைவருக்கும் வணக்கம். தெருவிலிருந்து எடுத்து வளர்க்கும் எங்கள் நாட்டு நாய்க்குட்டிக்கு இப்போது நான்கரை மாதம். இரண்டு வாரமாக வாசலில் கழற்றிவிடும் ஒரு செருப்பும் மிஞ்சுவதில்லை. முக்காலியின் காலும் கதவு நிலையும்கூட அரைபட்டுவிட்டன. நேற்று அது மென்ற மிதியடியில் இரத்தக் கறையும், அரிசி மணி அளவில் ஒரு பல்லும் கிடந்தன. தேங்காய் மட்டையைக் கொடுத்துப் பார்க்கச் சொல்கிறார் என் மாமியார். வலிக்குக் குழந்தைகளின் பாரசிட்டமால் சொட்டு மருந்தைக் கொடுக்கலாமா என்றும் யோசிக்கிறேன். அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

புரசை நண்பன்:
வணக்கம். மருந்து எதையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள். நமக்குச் சாதாரணமான பாரசிட்டமாலும் ஐபுப்ரோஃபெனும் நாய்க்கு நஞ்சாகிவிடக்கூடும். இரத்தக் கறையைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. 28 பால் பற்கள் உதிர்ந்து 42 நிலைப் பற்கள் முளைக்கும் பருவம் இது. உதிரும் பற்களைப் பெரும்பாலும் குட்டியே விழுங்கிவிடும் என்பதால், உங்கள் கையில் ஒன்று அகப்பட்டதே அதிசயம்தான். ஆறு, ஏழு மாதத்துக்குள் எல்லாம் ஓய்ந்துவிடும். புதிய கோரைப்பல் வளர்ந்த பிறகும் பழையது விழாமல் பக்கத்திலேயே நின்றால், இடுக்கில் உணவு சிக்கி ஈறு கெடும். அப்போது மட்டும் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டிவிடுங்கள்.

மூன்று நாய் வீடு:
பழைய பருத்தித் துண்டை நனைத்து முறுக்கிப் பிழிந்து, நடுவில் ஒரு முடிச்சுப் போட்டு, ஃப்ரீசரில் இரண்டு மணி நேரம் வையுங்கள். விறைத்த துண்டைக் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டு, முன்கால்கள் இரண்டாலும் அழுத்திப் பிடித்து, பாதிக் கண் மூடி மெல்லும். நம் ஊர் வெயிலில் சீக்கிரமே இளகிவிடும் என்பதால் இரண்டு துண்டுகளை மாற்றி மாற்றிக் கொடுப்பது நல்லது. நூல் பிரியத் தொடங்கினால் எறிந்துவிடுங்கள். உங்கள் மாமியார் கோபித்துக்கொண்டாலும் தேங்காய் மட்டை வேண்டவே வேண்டாம். என்னுடைய முதல் நாய் அதன் நாரை விழுங்கி, அது குடலை அடைத்து, கடைசியில் அறுவை சிகிச்சை வரை போக நேர்ந்தது. வேகவைத்த எலும்பும் கூடாது, சிலும்பு சிலும்பாக உடையும். கையைக் கடித்தால் அடிக்காமல், சட்டென்று விளையாட்டை நிறுத்தி எழுந்து போய்விடுங்கள்.

புரசை நண்பன்:
ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். தெருவிலிருந்து வந்த குட்டி என்கிறீர்கள். மூன்று மாதத்தில் போட வேண்டிய வெறிநோய்த் தடுப்பூசி போட்டாகிவிட்டதா? விளையாட்டுக் கடியாக இருந்தாலும், தோல் கீறினால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

பெரம்பூர்வாசி:
மிக்க நன்றி. தடுப்பூசி போன மாதமே போட்டாயிற்று. இதுவரை யாருக்கும் கீறல் இல்லை. இன்று காலை துண்டைக் கொடுத்ததும் அரை மணி நேரம் வீடே அமைதியாக இருந்தது. மட்டையைப் பற்றி மாமியாரிடம் இன்னும் பேச்செடுக்கவில்லை.